மூன்று குழந்தை இருக்கைக்கு ஒரு வண்டி

ஐந்து பேர் வண்டி எதிலும் பின்சீட்டில் எங்கள் மூன்று குழந்தை இருக்கைகள் அடங்கவில்லை. ஒவ்வொன்றும் 44 செ.மீ. அகலம், நடுவில் வைத்தால் பெல்ட் பக்கிள் பக்கத்து இருக்கைக்கு அடியில் புதைந்துவிடும். குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமலே வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையமும் இரண்டு ஓரங்களில் மட்டும்தான்.

சரி, ஏழு பேர் வண்டி என்று போனால் வேறு சிக்கல். நடுவரிசையில் குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால் அந்தச் சீட்டை மடக்க முடியாது. கடைசி வரிசைக்குப் பெரியவள் எப்படிப் போவாள்? ஷோரூமில் காலிச் சீட்டை மடக்கிக் காட்டுவதால் இது கண்ணில் படவே படாது. இருக்கைகளைக் கையோடு தூக்கிப்போய் மாட்டிப் பார்த்த பிறகுதான் வழி பிறந்தது: நடுவில் தனித்தனிக் கேப்டன் சீட் உள்ள ஆறு பேர் வண்டி. சின்னவர்கள் இருவரும் ஐசோஃபிக்ஸில். ஏழு வயதுக்காரி நடுச்சந்தில் நுழைந்து பின்னால் உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையில் உட்கார்ந்து, மூன்றுமுனை பெல்ட்டைத் தானே போட்டுக்கொள்கிறாள். அப்பாடா! டிக்கியில்தான் இடமில்லை, ஊருக்குப் போனால் பெட்டியெல்லாம் கூரை கேரியரில்.