உபுண்டு மடிக்கணினியில் ஒலி வராதபோது

பெங்களூரு அல்சூரில், எங்கள் தெருப் பிள்ளைகளின் மடிக்கணினிகளில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவித் தரும்போது நான் அடிக்கடி காணும் குறை, ஸ்பீக்கரிலிருந்து ஒலி வராததுதான். பெரும்பாலும் ஸ்பீக்கர் பழுதாகியிருப்பதில்லை. ஆகவே கணினியைக் கழற்ற அவசரப்பட வேண்டாம்.

முதலில் அமைப்புகளில் ஒலிப் பகுதியைத் திறந்து, வெளியீடு எச்டிஎம்ஐக்கோ புளூடூத்துக்கோ போயிருந்தால் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். அப்படியும் ஒலி வரவில்லையென்றால், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஆல்சாமிக்சர் (alsamixer) என்ற ஒலியளவுக் கருவியை இயக்கி, எஃப்6 விசையால் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்து, மாஸ்டர், ஸ்பீக்கர் ஆகிய பட்டைகளின் அடியில் 'எம்எம்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் அந்தப் பட்டை அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எம் விசையை அழுத்தினால் அது '00' என மாறித் திறந்துகொள்ளும். 'ஆட்டோ மியூட்' என்றொரு பட்டையும் இருந்தால், தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள்: ஹெட்போன் துளை தேய்ந்த கணினிகளில், எதுவும் செருகாதபோதும் செருகியிருப்பதாகக் கொண்டு அது ஸ்பீக்கரை அடைத்துவிடக்கூடும். அதை அணைத்துப் பாருங்கள்.

ஒலி அட்டையே தெரியாமல் 'டம்மி அவுட்புட்' (போலி வெளியீடு) மட்டும் வந்தால் சிக்கல் வேறு. அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றுக்கு சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற, ஒலி வன்பொருளை இயக்கும் மென்பொருள் தேவை; உபுண்டு என்றால் அதை முழுமையாகப் புதுப்பித்து, டெபியன் என்ற மற்றொரு இயங்குதளமாக இருந்தால் இந்த ஃபர்ம்வேரைத் தனிப் பொதியாக நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.