பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட் பூட்டி நிற்கவில்லையா? முதலில் அரத்தைக் கீழே வையுங்கள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ பாலக்காட்டுக்குக் கார் ஓட்டியவர்களுக்கு அது வெறும் பழமொழி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து கிழக்கே பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மேற்கே போகிற கார் அந்தக் காற்றை நேருக்கு நேர் வாங்குகிறது.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நீங்கள் 80-ல் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்றால், பானெட்டைப் பொறுத்தவரை அது 110. அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். ஊருக்குள் ஒழுங்காக மூடி நின்ற பானெட், வெட்டவெளி ரோட்டுக்கு வந்ததும் துள்ள ஆரம்பிப்பதற்கு இதுதான் காரணம். பூட்டு அன்றைக்குக் கெட்டதில்லை. முதலிலிருந்தே அரைகுறையாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது எல்லைக்கு இரண்டு பக்கமும் பழைய கார் எடுத்துச் சரி செய்கிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் மெய்யாகவே சந்தோஷம். ஆனால் பானெட் பூட்டு என்று வரும்போது, நாங்கள் தொழில் பழகிய காலத்தில் பட்டறைகளில் நடந்த அதே தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன. ஸ்பிரிங் உடைந்ததா, கேபிள் அறுந்ததா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் போகவில்லை.

எம்.ஜி.பி.யை வைத்துச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. இதே மாதிரிப் பூட்டு அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் உண்டு. பானெட் பின்பக்கக் கீலில் திரும்பும், முன்பக்கம் பூட்டும். பானெட்டின் அடியில் ஒரு இரும்புப் பின் தொங்கும், அதைச் சுற்றி ஒரு தடித்த ஸ்பிரிங். பின்னின் நுனியில் கூம்பு மாதிரித் தலை, தலைக்கு மேலே ஒரு கழுத்து. கீழே ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் தட்டில் ஒரு துளை. துளைக்கு அடியில், இன்னொரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு நகரும் தகடு. பானெட்டை அழுத்தினால் கூம்பு அந்தத் தகட்டை ஒதுக்கிக்கொண்டு இறங்கும். தலை தாண்டியதும் தகடு திரும்பி வந்து கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னைச் சுற்றிய ஸ்பிரிங் பானெட்டை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் ஆட்டம் இருக்காது. இவ்வளவுதான் விஷயம். சில மில்லிமீட்டர் இரும்பு, ஒரு முழு பானெட்டையும் காற்றுக்கு எதிராகப் பிடித்து வைத்திருக்கிறது.

துளையை ராவுவது

இந்த ஒன்றைப் பார்க்கும்போதுதான் இன்றைக்கும் எனக்கு மனசு கொதிக்கிறது.

நடப்பது இப்படி. பானெட்டை மூடினால் பூட்டவில்லை, அல்லது நாலு தடவை மூடினால் ஒரு தடவைதான் பூட்டுகிறது. குனிந்து பார்த்தால் அந்தப் பின், துளையின் ஓரத்தில் இடிக்கிறது. உடனே வட்ட அரத்தை எடுத்துத் துளையை அந்தப் பக்கமாக ராவி அகலப்படுத்துகிறார்கள். அவசரக்காரர்கள் கிரைண்டரே எடுக்கிறார்கள். இப்போது பின் இடிக்காமல் இறங்குகிறது. ‘டக்’ என்று சத்தமும் வருகிறது. வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சத்தம் வந்ததால் பூட்டிவிட்டது என்று ஆகாது. அந்தப் பின், துளையின் நடுவில் நேராக இறங்கினால்தான் தகடு கழுத்தை முழுதாகப் பிடிக்கும். ஓரமாக இறங்கினால் தகட்டின் விளிம்பு மட்டும் தலையின் ஓரத்தில் தொட்டு நிற்கும். கையால் தூக்கிப் பார்த்தால் வராது, ஆனால் ரோட்டின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். துளையை அகலப்படுத்துவது இந்தக் கோளாறைச் சரி செய்வதில்லை. கோளாறு கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. முன்பு இடித்தபோது பூட்டு ‘நான் சரியாக உட்காரவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாயை அடைத்துவிடுகிறார்கள்.

கோவைப் பக்கத்து நண்பர் ஒருவரின் எம்.ஜி.பி.க்கு இதுதான் நடந்தது. நல்ல கார், ஆரம்ப கால அலுமினிய பானெட்டோடு. பிற்காலத்து எம்.ஜி.பி.களுக்கு இரும்பு பானெட்தான், அதனால் அலுமினியம் கிடைப்பதே அரிது. வேறொரு இடத்தில் துளையை ராவி வாங்கி வந்திருந்தார். மழை விட்ட ஒரு காலையில் வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டுப் பக்கம் போகையில், எதிரே வந்த லாரியின் காற்று அடித்ததும் பானெட் மேலே எழுந்து முன்கண்ணாடியில் அறைந்தது. கண்ணாடி நொறுங்கியது, சட்டம் வளைந்தது, பானெட் கீலை ஒட்டி மடிந்தே போனது. முன்னால் ஒன்றுமே தெரியாமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித்தான் ஓரம் கட்டியிருக்கிறார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிது. மடிந்த அலுமினியத்தைத் தட்டி எடுக்கிற டிங்கர் கைகள் இன்றைக்கு மிகக் குறைவு. சூடு கொஞ்சம் கூடினால் உருகி ஓட்டை விழும், குறைந்தால் கீறல் விடும்.

காரை ஷெட்டில் வைத்து அளந்தபோது உண்மைக் காரணம் தெரிந்தது. எப்போதோ முன்னால் இடித்ததில் ரேடியேட்டர் மேல் தட்டு ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. இரண்டு பக்க மட்கார்டிலும் ஒரே மாதிரி இருக்கும் போல்ட்டிலிருந்து துளையின் நடுவுக்கு டேப் பிடித்தால் இரண்டு அளவும் சமமாக வர வேண்டும். வரவில்லை. தட்டை நேராக இழுத்து வைத்திருந்தால் முடிந்திருக்கிற வேலை. ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி துளை போட்டாலும், அந்தத் தட்டு மெல்லியது, சூட்டில் முறுக்கிக்கொள்ளும்.

அதனால் பூட்டைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் பின்னையும் ஸ்பிரிங்கையும் பானெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பூட்டே இல்லாமல் பானெட்டை இறக்கி, அது தானாக எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா? முன் விளிம்பு மட்டமாக இருக்கிறதா? இல்லையென்றால் கீல்தான் சரியில்லை. கீல் போல்ட்டுகளுக்குத் துளை கொஞ்சம் தாராளமாகவே இருக்கும், நகர்த்தத்தான் அந்த இடம். போல்ட்டை லேசாகத் தளர்த்தி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்துங்கள். பானெட்டின் பின்பக்க மூலைகளில் துணி வைக்க மறக்காதீர்கள், பெயின்ட் அங்கேதான் பெயரும்.

அடுத்து பானெட் உட்காரும் ரப்பர்களைப் பாருங்கள். காய்ந்து சுருங்கியிருந்தால் பானெட் ஆடும். டூப்ளிகேட் ரப்பர் உயரமாக இருந்தால் பானெட்டைத் தூக்கியே வைத்திருக்கும், பூட்டின் மேல் தேவையில்லாத இழுப்பு விழும். இது எல்லாம் சரியான பிறகு பின்னைத் திரும்ப மாட்டுங்கள். குங்குமத்தைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துப் பின்னின் நுனியில் தடவி, பானெட்டை மெதுவாக இறக்கி, தொட்டவுடன் தூக்கிவிடுங்கள். தட்டில் எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். தட்டை ஏற்ற போல்ட்டுகளைத் தளர்த்தி அந்த அளவுக்கு நகர்த்துங்கள். அரத்துக்கு இங்கே வேலையே இல்லை.

ஒரு தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அண்ணா, ராவுனா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுருமேங்க” என்றான். அஞ்சு நிமிஷத்தில் முடியும் என்பதுதான் என் கவலையே.

பின்னின் நீளத்தைக் கண்டபடி மாற்றுவது

பின்னின் நுனியில் திருப்புளி வைக்க ஒரு வெட்டு இருக்கும், மேலே ஒரு லாக் நட். பின்னை உள்ளே திருகினால் பானெட் இறுக்கமாக இறங்கி உட்காரும், வெளியே திருகினால் தளர்ந்து உயரும். அளவுக்கு மேல் உள்ளே போய்விட்டால் தலை தகட்டை எட்டவே எட்டாது. அரைச் சுற்று திருப்புங்கள், மூடிப் பாருங்கள், அப்புறம் அடுத்த அரைச் சுற்று. முடிந்ததும் லாக் நட்டை இறுக்க வேண்டும். விரலால் திருகி விட்ட நட்டு அதிர்வில் தளர்ந்து, நீங்கள் வைத்த அளவு சில நாளிலேயே போய்விடும்.

மரை மாறிய நட்டு

அந்த லாக் நட் தொலைந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் நட்டை மாட்டுகிறார்கள். இந்தக் கார்களில் பெரும்பாலும் யு.என்.எஃப். என்கிற அங்குலக் கணக்கு மரை. 5/16 அங்குலம் என்றால் 7.94 மி.மீ., ஏறத்தாழ 8 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் யு.என்.எஃப்.பில் அங்குலத்துக்கு 24 மரை, சாதாரண 8 மி.மீ. நட்டில் மரைக்கு மரை 1.25 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு 20 சொச்சம். இரண்டு சுற்று போகும், அப்புறம் கடிக்கும், பலம் கொடுத்தால் பின்னின் மரையே போய்விடும். கோவையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. பழைய பின்னைக் கொண்டுபோய்க் காட்டி அதே மரையில் ஒரு நட்டு போட்டு வாங்குங்கள்.

கேபிளை விறைப்பாகக் கட்டுவது

காருக்குள் இருக்கும் இழுப்பானைத் தொட்டதும் திறக்க வேண்டும் என்று, தகட்டை இழுக்கும் கேபிளைக் கொஞ்சமும் தளர்வில்லாமல் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் தகடு எப்போதும் கொஞ்சம் இழுபட்டே நிற்கும், முழுதாகத் திரும்பி வராது. கேபிளைக் கழற்றிவிட்டு, தகட்டைத் திருப்புளியால் தள்ளி விட்டுப் பாருங்கள். சட்டென்று திரும்பி வந்தால் கோளாறு கேபிளில். சோம்பலாக வந்தால் கோளாறு தகட்டில். திரும்ப மாட்டும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது தளர்வு விடுங்கள். கேபிளின் உறை எங்காவது கூர்மையாக மடிந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

கிரீஸை அப்புவது

நம் பக்கத்துத் தென்னந்தோப்பு மண்ரோட்டுப் புழுதியும் கிரீஸும் சேர்ந்தால் அரைக்கிற பசை ஆகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்து, லேசான எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும்.

பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றுவது

பூட்டு நழுவினாலும் பானெட் முழுதாக எழாமல் பிடிக்கிற இரண்டாவது கொக்கி அது. கழற்றாதீர்கள்.

கயிறு, கம்பி, பெல்ட்டால் கட்டுவது

வீடு வந்து சேர மட்டும்.

ஹெரால்டுக்கும் இதே வைத்தியம் செய்வது

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இன்னும் நம் ஊர்களில் அங்கங்கே இருக்கிறது. அதன் சேசிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டிலும் மட்கார்டோடு சேர்ந்த முழு முன்பகுதியும் பானெட்டாக முன்னோக்கித் திறக்கும், கதவுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரு கொக்கி இருக்கும். கீல் முன்னால் இருப்பதால் காற்று இதைக் கண்ணாடி மேல் தூக்கி அடிக்காது. ஆனால் பின்பக்க விளிம்பு எழுந்து எழுந்து ஆடும், கொக்கி நழுவும்.

இங்கே ஒரு பக்கக் கொக்கி மட்டும் தளர்ந்தால் அதை மட்டும் இறுக்கிவிடுகிறார்கள். முழு முன்பகுதியும் முறுக்கிக்கொள்கிறது, அடுத்த மாதம் மற்ற பக்கம் நழுவுகிறது. முன் கீல்களில் உயரத்தைச் சரி பார்த்துவிட்டுத்தான் கொக்கிக்கு வர வேண்டும். இன்னொன்று, இந்தக் கார்களில் பாடி தனி, சேசிஸ் தனி. இரண்டு மழைக்காலம் திறந்தவெளியில் நின்ற வண்டியில் பாடியைத் தாங்கும் பக்கக் கைகள் துருப்பிடித்து இறங்கியிருக்கும். அதோடு கொக்கி மாட்டும் இடமும் இறங்கிவிடும். பானெட் நழுவுகிறது என்று வந்த ஹெரால்டை லிஃப்டில் ஏற்றி அடியில் தட்டிப் பார்க்காமல் நான் ஸ்பானரே எடுப்பதில்லை.

மூடிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவது

வேலை முடிந்ததும் முன் விளிம்பின் இரண்டு ஓரத்தையும் மாற்றி மாற்றி மேலே இழுத்துப் பாருங்கள். பிறகு மேடுபள்ளமான ரோட்டில் மெதுவாகக் கொஞ்ச தூரம் போய், நிறுத்தி, இடைவெளி மாறியிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். குங்குமச் சோதனையை இன்னொரு முறை செய்தால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் மெயின் ரோடு.

ஒரே கேபிளை நம்பி மூடுவது

பூட்டு நன்றாகப் பிடிக்க ஆரம்பித்த பிறகு வருகிற தொல்லை இது. பழைய கேபிள் பானெட் மூடியிருக்கும்போது அறுந்தால் வெளியிலிருந்து திறக்கக் கிரில்லையோ ரேடியேட்டர் பக்கத்துத் தகட்டையோ கெடுக்க வேண்டிவரும். அதனால் நகரும் தகட்டில் இன்னொரு மெல்லிய கம்பியைக் கட்டி, தளர்வாக, கீழே கை எட்டும் ஒரு மறைவான இடத்தில் கொண்டுவந்து விடுங்கள். பைக் பிரேக் கேபிளின் உள்கம்பியே போதும். தகட்டின் ஓட்டத்தைத் தடுக்காதபடி கட்டியிருக்கிறீர்களா என்று பானெட் திறந்திருக்கும்போதே இழுத்துப் பாருங்கள். கம்பி வெளியே தொங்கக் கூடாது, வழியில் போகிறவர் இழுத்தால் திறந்துவிடும்.