529 கணக்கிலிருந்து கல்லூரிச் செலவுக்குப் பணம் எடுக்கும் முன்

அமெரிக்காவில் பிள்ளையின் படிப்புக்காக 529 கணக்கில் (படிப்புச் செலவுக்கு எடுத்தால் லாபத்துக்கு மத்திய வரி இல்லாத சேமிப்புக் கணக்கு) வருடக்கணக்காகப் பணம் சேர்த்தவர்கள் அதை எடுக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். முதலில் அந்த வருடம் உண்மையில் ஆன செலவைக் கூட்டுங்கள்: கல்விக் கட்டணம், புத்தகம், கம்ப்யூட்டர், இன்டர்நெட், குறைந்தது பாதி நேர மாணவராக இருந்தால் தங்குமிடம், சாப்பாடு. வெளியே வாடகைக்கு இருந்தால், கல்லூரி தன் செலவு மதிப்பீட்டில் காட்டும் தொகை வரைக்கும்தான். விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு சேராது.

அப்புறம் வரியில்லாத உதவித்தொகையைக் கழியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான்: அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச்சலுகைக்கு உங்களுக்குத் தகுதி இருந்தால், கட்டணம், புத்தகச் செலவில் 4,000 டாலரை அதற்கென ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் அது 2,500 டாலர் வரை வரியையே குறைக்கும், ஒரே செலவை இரண்டு இடத்திலும் காட்ட முடியாது. மீதித் தொகையை மட்டும், செலவு செய்த அதே காலண்டர் வருடத்துக்குள் எடுங்கள். ஜனவரியில் கட்டப்போகும் ஃபீஸுக்கு டிசம்பரிலேயே எடுக்காதீர்கள்.

கூடுதலாக எடுத்துவிட்டீர்களா? சரி, போட்ட முதலுக்கு வரி இல்லை. அந்த அதிகப்படித் தொகையிலுள்ள லாபப் பங்குக்கு மட்டும் மத்திய வருமான வரியும் 10 சதவீதக் கூடுதல் வரியும் வரும். உதவித்தொகை அளவுக்குள் எடுத்ததென்றால் அந்த 10 சதவீதம் கிடையாது. கல்லூரி திருப்பித் தந்த பணத்தை 60 நாட்களுக்குள் கணக்கில் மறுபடி போட்டுவிடலாம். அந்த வருடம் கணக்கிலிருந்து எடுத்த தொகையைக் காட்டும் 1099-க்யூ படிவத்தோடு எல்லா ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.