த்ரில்லரும் உண்மைக் குற்றமும்: படித்ததைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதும் முறை

ஒரு த்ரில்லரைப் பற்றி யார் எழுதினாலும் 'எடுத்தால் வைக்க முடியவில்லை' என்ற வரி எப்படியாவது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது பொய்யல்ல. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசி வரியிலும் யாராவது கதவைத் தட்டினால், எந்தப் புத்தகத்தையும் வைக்க முடியாதுதான். தட்டியவர் உள்ளே வந்து என்ன செய்தார் என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

இதற்கு இலக்கியப் படிப்பு தேவையில்லை. ஒரு துண்டுத் தாள், ஒரு பென்சில், புத்தகம் முடிந்த மறுநாள் அரைமணி நேரம் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். த்ரில்லரிடம் கேட்க வேண்டிய கேள்வி: 'என்னை நியாயமாக ஏமாற்றினாயா?' உண்மைக் குற்ற நூலிடம் கேட்க வேண்டியது: 'இது உனக்கு எப்படித் தெரியும்?' இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் இரண்டுக்கும் அநியாயம் நடக்கும். 'ஜவ்வாக இழுக்கிறது' என்று ஒரு உண்மைக் குற்ற நூலைத் தள்ளிவிடுகிறவர், ஆசிரியர் சாட்சியங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பக்கங்களையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்.

துண்டுத் தாளில் மூன்று நிறுத்தங்கள்

300 பக்க நாவல் என்றால் 50-ஆம் பக்கத்தில் ஒருமுறை, பாதியில் ஒருமுறை, குற்றவாளி யார் என்று அவிழ்வதற்குச் சற்று முன் ஒருமுறை நிறுத்துங்கள். 100 பக்கத்துக்குள் முடியும் மாத நாவலுக்கு 20-ஆம் பக்கமும் 80-ஆம் பக்கமும் போதும். மூன்றாவது நிறுத்தம் எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எல்லாரும் ஓரிடத்தில் கூடினாலோ, துப்பறிகிறவர் 'இப்போது புரிகிறது' என்று சொல்லிவிட்டுக் காரணத்தை மட்டும் சொல்லாமல் கிளம்பினாலோ, அதுதான் இடம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பக்க எண், சந்தேகிக்கும் ஆளின் பெயர், ஒரே வரியில் காரணம் எழுதுங்கள். 'யார் மேலும் சந்தேகமில்லை' என்றாலும் எழுதுங்கள். இது எதற்கு என்றால், விடை தெரிந்தபின் மனம் பழைய சந்தேகத்தைத் திருத்திவிடும். 'எனக்கு அப்பவே தெரியும்' என்று எழுதுகிற பலர் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் நினைவிருக்கிறது. தாளில் இருப்பது மட்டும் மாறாது.

முடித்தபின் தாளைப் பாருங்கள். ஆளும் சரி, காரணமும் சரி என்றால் ஆசிரியர் துப்புகளை வெளிச்சத்தில் வைத்திருக்கிறார். கொஞ்சம் அதிக வெளிச்சமாகக்கூட இருக்கலாம். ஆள் சரி, காரணம் 'இவர் ரொம்ப நல்லவராக இருக்கிறார்' என்பது மட்டும் என்றால், நீங்கள் கண்டுபிடித்தது கதையை அல்ல, பழக்கத்தை. இருபது த்ரில்லர் படித்தவருக்கு அது வந்துவிடும். அதற்காகப் புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. 'இந்த வகையில் நிறையப் படித்தவர்கள் சீக்கிரம் ஊகித்துவிடலாம்' என்று எழுதுவதுதான் சரி. ஆள் தவறு என்றால் அடுத்த வேலை இருக்கிறது.

மறுநாள் மூன்று இடங்களுக்குத் திரும்பிப் போங்கள்: குற்றவாளி முதன்முதலில் வரும் பக்கம், முக்கியத் துப்பு வைக்கப்பட்ட பக்கம், குற்றவாளியின் மனதுக்குள்ளிருந்து எழுதப்பட்ட ஏதாவதொரு பகுதி. இங்கிலாந்தின் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். சில இன்று பழசாகிவிட்டன. இரண்டு மட்டும் இன்னும் அசையவில்லை: குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிகிறவர் கண்ட துப்பை வாசகரிடம் மறைக்கக் கூடாது. கடைசி 30 பக்கத்தில் புதிதாக ஒரு தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால், அது முதல் விதியில் அடிபடும். மனதுக்குள் போய்ப் பேசும் பகுதிதான் கடினமான சோதனை. கொலைசெய்தவரே 'யார் இதைச் செய்திருப்பார்கள்?' என்று தனிமையில் திகைப்பதாக எழுதியிருந்தால் அது ஏமாற்று, ட்விஸ்ட் இல்லை. வாக்கியம் உண்மையாக இருந்து, நாம்தான் தவறாகப் புரிந்துகொண்டோம் என்றால் அது கைத்திறன். அதைக் கண்டால் மனம்விட்டுப் பாராட்டுங்கள், அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு கதை, இரட்டைப்படையில் இன்னொரு கதை என்று ஓடிக் கடைசியில் முட்டிக்கொள்ளும் அமைப்பு தமிழ் மாத நாவல் வாசகருக்குப் பழகியதுதான். இதில் தனியாகப் பார்க்க வேண்டியது காலம். இரண்டு தடமும் ஒரே வாரத்தில் நடப்பதாக நம்பவைத்துவிட்டு, ஒன்று பத்து வருடம் முந்தையது என்று கடைசியில் சொன்னால், முந்தைய அத்தியாயங்களில் அதற்கு ஒரு சின்ன அடையாளமாவது இருந்ததா என்று தேடுங்கள். கையிலிருக்கும் போன், சுவரிலிருக்கும் காலண்டர், டீயின் விலை, ஏதாவது ஒன்று.

தகவல் பிழைகளில் எல்லாவற்றையும் பிடித்துத் தொங்க வேண்டாம். கதையின் முடிச்சு எதன்மேல் நிற்கிறதோ அதை மட்டும் சோதியுங்கள். அடிக்கடி சறுக்கும் இடங்கள் சில உண்டு. குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்தவுடன் யாரும் மயங்கிச் சரிய மாட்டார்கள். நிமிடக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும். 'இரவு 10.20-க்கு இறந்தார்' என்று எந்த போஸ்ட்மார்ட்டம் மருத்துவரும் உடலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சில மணி நேர இடைவெளிதான் சொல்வார். சைலன்சர் மாட்டினால் துப்பாக்கிச் சத்தம் குறையும், காணாமல் போகாது. இந்த 10.20-ஐ வைத்துத்தான் ஒருவர் தப்பிக்கிறார் என்றால் அது பெரிய ஓட்டை. போகிற போக்கில் வந்தால் விட்டுவிடுங்கள். தற்செயலும் இப்படித்தான். ரயிலில் தற்செயலாகப் பெட்டி மாறிக் கதை தொடங்கலாம்; தற்செயலாக ஒரு கடிதம் காலில் தட்டுப்பட்டு முடிச்சு அவிழக் கூடாது.

உண்மைக் குற்றம்: வேறு தராசு

இங்கே செத்தவர் நிஜமாகச் செத்தவர். அவர் வீட்டார் எங்கோ இருக்கிறார்கள், இந்தப் புத்தகம் அவர்கள் கண்ணிலும் படலாம். அதனால் வேலையும் கூடுதல்.

நடுவிலிருந்து ஏதாவது பத்துப் பக்கத்தை எடுங்கள். பத்தி பத்தியாக ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்: கோர்ட் ஆவணம், எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை இவற்றிலிருந்து வந்தது என்றால் 'ஆ'. யாரிடமோ கேட்டு எழுதியது என்றால் 'பே'. ஆசிரியரின் ஊகம் என்றால் 'ஊ'. எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை என்றால் கேள்விக்குறி. பத்துப் பக்கத்தில் கேள்விக்குறிகள்தான் அதிகம் என்றால் உங்கள் கருத்தின் முதல் பத்தியே அதுதான். தனியறையில் கொலையான பெண் கடைசி நிமிடத்தில் அம்மாவை நினைத்துக்கொண்டாள் என்று எழுதியிருந்தால், அதை யார் வந்து ஆசிரியரிடம் சொன்னார்கள்? 'நினைத்திருக்கலாம்' என்று எழுதுகிறவர் வாசகரை மதிக்கிறார். 'நினைத்தாள்' என்று எழுதுகிறவர் நாவல் எழுதுகிறார்.

இந்த வகையின் பெரும்புகழ் பெற்ற நூலிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1959 நவம்பரில் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், ஹோல்கம் என்ற சிற்றூரில், க்ளட்டர் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டதைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய 'இன் கோல்டு பிளட்' 1965-இல் பத்திரிகைத் தொடராகவும் 1966-இல் நூலாகவும் வந்தது. எல்லாம் உண்மை என்றே ஆசிரியர் சொன்னார். ஆனால் நூல் முடியும் அந்தக் கல்லறைத் தோட்டக் காட்சி, விசாரணை அதிகாரியும் இறந்த பெண்ணின் தோழியும் சந்திப்பது, நடக்கவே இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. மொழியைப் பாராட்டுங்கள், அமைப்பைப் பாராட்டுங்கள். ஆனால் அந்தக் காட்சியைச் சொல்லாமல் 'முழுக்க உண்மை' என்று எழுதினால், அந்தப் பிழையில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும்.

அடுத்து, வழக்கு எந்தப் படியில் நிற்கும்போது புத்தகம் எழுதப்பட்டது என்று பாருங்கள். பதிப்பு ஆண்டையும் கடைசித் தீர்ப்பின் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்த வழக்கில், திரை நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் 1945-இல் தண்டனை கிடைத்தது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947-இல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 1945-இல் நின்றுவிடும் புத்தகமும் 1947 வரை போகும் புத்தகமும் ஒரே மனிதர்களைப் பற்றியவை என்றே தோன்றாது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு இன்னும் தெளிவான உதாரணம். 1998 ஜனவரியில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. 4 பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2022-இல் மிஞ்சிய ஏழு பேரும் வெளியே வந்தார்கள். இதைப் பற்றி விசாரணையில் இருந்த அதிகாரிகளும் எழுதியிருக்கிறார்கள், சிறையில் இருந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கருத்து எழுதலாம், தவறில்லை. ஆனால் எந்தப் பக்கத்து ஆள் எழுதியது என்பதை இரண்டாவது வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வாக்குமூலம் வரும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரண வழக்கில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாகச் செல்லாது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்ன இந்த விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு இட்டுச்சென்ற பகுதி மட்டும் செல்லும். தடா சட்டத்தில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிவு செய்தாலே செல்லும் என்று இருந்தது. ராஜீவ் வழக்கு பெருமளவு அதன்மேல்தான் நின்றது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'அவனே ஒத்துக்கொண்டான்' என்று ஒரு புத்தகம் கடந்துபோனால் அதைக் குறிப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் தீர்ப்பையே எடுத்துப் பார்க்கலாம். உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் 'இந்தியன் கானூன்' தளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாக இருக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்களையும் படிக்க வேண்டாம். அரசுத் தரப்புக் கதையைச் சொல்லும் ஆரம்பப் பகுதியும் கடைசியில் நீதிமன்றத்தின் முடிவும் போதும்.

பெயர்கள் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. தொடர் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம், நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதி கேட்காமலே வெளியிடலாம் என்றது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயரையும் சம்பவத்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை உண்டு. புத்தகத்தில் பெயர் இருக்கிறதே என்று நீங்கள் உங்கள் கருத்தில் எடுத்துப் போடாதீர்கள். விடுதலையான ஒருவரைக் 'கொலைகாரன்' என்று எழுதுவதும் இதே வகைத் தவறு. புத்தகத்தைப் பற்றி எழுதுங்கள். தீர்ப்பு வழங்க உட்காராதீர்கள்.

எழுதும்போது

250 முதல் 300 சொற்கள் போதும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கதைச் சுருக்கம்தான் ஊதிக்கொண்டிருக்கும். கதையைச் சொல்ல நான்கு வரிக்கு மேல் எடுக்காதீர்கள், அதுவும் முதல் கால்பகுதிக்குள் நடப்பதை மட்டும். 'கடைசியில் பயங்கர ட்விஸ்ட் இருக்கிறது' என்று சொல்வதும் ஸ்பாய்லர்தான். அதைப் படித்தவர் ஒவ்வொரு பக்கத்திலும் ட்விஸ்ட்டைத் தேடிக்கொண்டே போவார், ஆசிரியர் கட்டியது வீணாகும். ஒரே விலக்கு: குழந்தைகள்மீது வன்முறை, பாலியல் வன்முறை, தற்கொலை இருந்தால் கதை உடைந்தாலும் பரவாயில்லை, கடைசியில் தனி வரியில் சொல்லுங்கள். தெரியாமல் அந்தப் பக்கத்தில் போய் விழுகிறவருக்கு உங்கள் ரகசியம் காப்பது உதவாது.

அடைமொழியை எடுத்துவிட்டுப் பக்கத்தை வையுங்கள். 'விறுவிறுப்பாகப் போகிறது, நடுவில் தொய்வு' என்பதைவிட '110-ஆம் பக்கம் வரை ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு புதுக் கேள்வியைக் கொடுத்தது. அங்கிருந்து 170 வரை பழைய கேள்வியையே மூன்று பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள்' என்பது வாங்குகிறவருக்கு உதவும். பாராட்டுக்கும் இதே கணக்குதான். 'அருமை' என்று எழுதத் தோன்றினால், எந்தக் காட்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம்.

நட்சத்திரம் கொடுப்பதாக இருந்தால் கடைசி அத்தியாயம் முடிந்த இரவில் கொடுக்காதீர்கள். முடிவு பிடிக்காத கோபம் 250 நல்ல பக்கங்களை விழுங்கிவிடும். முடிவின் அதிர்ச்சி 250 சுமாரான பக்கங்களை மறைத்துவிடும். ஒரு நாள் தள்ளிக் கொடுங்கள். தீர்வு தெரியாத வழக்கைப் பற்றிய நூலுக்கு 'கொலையாளி யார் என்று கடைசிவரை சொல்லவில்லை' என்று ஒரு நட்சத்திரம் குறைப்பது நியாயமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கான தண்டனை அது.

பாதியில் நிறுத்திய புத்தகத்தைப் பற்றியும் எழுதலாம். '80-ஆம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன், காரணம் இது' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள், நட்சத்திரம் மட்டும் கொடுக்காதீர்கள். உண்மைக் குற்ற நூலைப் பற்றி எழுதியபின் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினால், பழைய கருத்தை அழிக்காமல் அதன் தலையில் தேதி போட்டு ஒரு வரி சேருங்கள்: எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு, என்ன முடிவு.