ஸ்கேனில் தெரிந்தது ஒன்று, வலித்தது வேறு

நாலு மாதமாக வலது இடுப்பின் வெளிப்பக்கம் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கீழ்முதுகில் எல்4, எல்5 என்கிற இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட். சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று பெல்ட், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. வீடியோ பார்த்து, கால்மேல் கால் போட்டு இழுக்கும் ஸ்ட்ரெட்ச்சும் செய்தேன். வலி கூடியதுதான் மிச்சம்.

அப்புறம் போன பிசியோதெரபிஸ்ட் ஃபிலிமைக் கையில்கூட வாங்கவில்லை. வலிக்கிற காலில் மட்டும் 30 நொடி நிற்கச் சொன்னார். பத்தாவது நொடியிலேயே அதே வலி, அதே இடத்தில். முதுகை எப்படி வளைத்தாலும் அது வரவில்லை. தொடை எலும்பின் மேல்முனையில் ஒட்டும் பிட்டத் தசைநாரில்தான் கோளாறாம். முதுகை எடுத்த ஸ்கேனில் அது எங்கே தெரியும்? வலியே இல்லாத 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கும் என்கிறது 2015-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு.

நான் கவனிக்காமல் விட்டது, நிற்கும் விதம். சமையல் மேடை முன்னால் எடை முழுவதையும் வலது காலில் போட்டு, இடுப்பைச் சாய்த்தே நிற்பேன். அப்போது தசைநார் எலும்போடு அழுந்துகிறது. ஸ்ட்ரெட்ச்சும் அதையேதான் செய்திருக்கிறது! இரண்டையும் நிறுத்தினேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுத்தேன். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சி தினமும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. ஆறாவது வாரம் விடியும்வரை தூங்கினேன், அப்பாடா. திரும்ப ஸ்கேன் எடுக்கவில்லை. டிஸ்க் இன்னும் அப்படியேதான் பிதுங்கியிருக்கும்.