அப்பா பார்த்த குஸ்தியைக் கேட்டு எழுதுவது எப்படி

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர் இருந்தால், குஸ்தி வீரர்கள் கிங்காங்கும் தாராசிங்கும் மோதியதை அவர் பார்த்திருக்கக்கூடும். கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பாவிடம் அந்தக் கதையைக் கேட்டு, முதலில் தோற்று, பிறகு நான் கற்றுக்கொண்டவை இவை.

எடுத்த எடுப்பில் வருடத்தைக் கேட்காதீர்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்து கேட்டேன். காவல் நிலையத்துக்கு வந்தவர்போல அப்பா வாயை மூடிக்கொண்டார். மறுநாள் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொடுத்துவிட்டு, "டிக்கெட்டுக்குக் காசு ஏது?" என்றேன். கொட்டிவிட்டார். பாட்டிக்குத் தெரியாமல் சம்பளத்தில் எடுத்த இரண்டு வெள்ளி, சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்த கூட்டாளி, முன்வரிசையில் இருந்தவர்கள்மேல் தெறித்த வியர்வை. பட்டறைக்காரர்கள் எல்லாரும் தாராசிங் பக்கமாம். அதில் வியப்பில்லை, ஹங்கேரிக்காரரான கிங்காங்கை எதிர்த்து நின்ற அந்தப் பஞ்சாபி, 1947இல் சிங்கப்பூருக்கு வந்து பீப்பாய் ஆலையில் உழைத்தவர்.

பிறகு, பிடியைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டுங்கள். அப்பா என் மணிக்கட்டைப் பற்றி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, முழங்கையை மெல்ல மேலே தூக்கினார். எண்பத்தாறு வயதுக் கைதான், ஆனாலும் வலித்தது. செல்போனில் எடுப்பதானால் முகத்தை விட்டுவிட்டுக் கையை எடுங்கள்.

"எல்லாம் பேசிவைத்துப் போட்ட சண்டைதானே" என்று மட்டும் முதல் நாளே கேட்டுவிடாதீர்கள். என் தம்பி கேட்டான். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

அடுத்து, இடத்தைப் போய்ப் பாருங்கள். அப்பா குஸ்தி பார்த்த பிபி பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்த இடத்தில் இப்போது சுங்கை வாங் பிளாசா என்ற கடை வளாகம் நிற்கிறது. உள்ளே அழைத்துப் போனது நான் செய்த பிழை. நகரும் படிக்கட்டைக் கண்டதும் அப்பாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது. வெளியே வந்து, நடைபாதை ஓரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தேன். மோனோரயில் இரண்டு முறை தலைக்குமேல் போனது. "வாசல் இங்கே" என்று கைத்தடியால் காட்டினார். சற்று யோசித்து, கைத்தடியைப் பத்தடி இடப்புறம் நகர்த்தினார். வெயில் ஏறுவதற்குள் போய்வந்துவிடுங்கள்.

சொன்னதைச் சரிபார்க்கக் கட்டடங்களே போதும். கல்யாணத்துக்கு முன்பு ஸ்டேடியம் நெகாராவில் பார்த்ததாக அப்பா சாதித்தார். கல்யாணம் 1960இல், அந்த அரங்கம் திறந்தது 1962இல். அருகில் மேட்டின்மேல் 1953இலேயே வந்துவிட்ட சின் வூ அரங்கமாக இருக்கலாம். அப்பா சொன்னதை அடிக்காமல், பக்கத்தில் இதையும் குறித்துக்கொண்டேன். முகமது அலியையும் கிங்காங்கையும் ஒரே மாதத்தில் பார்த்ததாகவும் சொல்வார். அலி ஸ்டேடியம் மெர்டேக்காவில் சண்டையிட்டது 1975 ஜூலையில். கிங்காங் 1970இலேயே இறந்துவிட்டார்.

கடைசியாகப் பழைய நாளிதழ்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தேடலாம். கிங்காங் என்று மட்டும் தேடினால் குரங்குப் பட விளம்பரங்கள் குவியும்; தாராசிங் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்ததை உரக்க வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்த செய்தியை அப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

"எழுதியவன் பின்வரிசையில் இருந்திருப்பான்" என்றார்.