நாலு போர்ஷன் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி?

நாகர்கோவில் பக்கம் ஆறு சென்டில் ஒரு வாடகை வீடு வைத்திருக்கிறேன். கீழே இரண்டு போர்ஷன், மேலே இரண்டு. ஒண்ணாம் தேதி ஆனால் பணம் வந்துவிடும், நமக்கு என்ன வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கையில் மிச்சம் நிற்குமா நிற்காதா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் மறுபடி அடைமழை என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சுவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை நனைகின்றன. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

போர்ஷனுக்கு 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கும் சேர்த்து மாதம் 28,000, வருடத்துக்கு 3,36,000. இங்கேயே பலரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு போர்ஷனும் வருடத்தில் ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும் என்று 28,000 கழியுங்கள். மராமத்துக்கு இன்னொரு 28,000. சொத்து வரி, மோட்டார் கரண்ட், செப்டிக் டேங்க் என்று ஒரு 20,000. மீதி 2,60,000. பத்திரச் செலவோடு வீடு 60 லட்சம் ஆகியிருந்தால் இது நாலேகால் சதவீதம் சொச்சம். வங்கியில் போட்டால் இதைவிடக் கூடுதல் கிடைக்கும்.

கடன் வாங்கினால்? 40 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 34,700-ஐத் தொடும். முழு வாடகையும் வந்தாலே 28,000தான். ஆகவே "வாடகையிலேயே லோன் அடைஞ்சிரும்" என்று புரோக்கர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதையும் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

2. வீட்டை மழையில் போய்ப் பாருங்கள்

புது பெயின்ட் மணக்கிற வீடு என்றால் எனக்குச் சந்தேகம் வரும். மழை விட்ட மறுநாள் காலை போங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, வடிகுழாய் எந்தப் பக்கம், பக்கத்துத் தென்னை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். (தேங்காய் யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அந்தச் சண்டையைத் தீர்க்கச் சட்டம் படிக்க வேண்டியிருக்கும்.)

பிறகு உள்ளே வந்து சீலிங்கையும் சன்ஷேடையும் ஒரு கம்பால் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும். பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே வரும். அதன்மேல் சிமென்ட் பூசி மூடினால் இரண்டு மழைக்குள் மறுபடி விழும். உதிர்கிற பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டி, துருத் தடுப்பு அடித்து, அப்புறம்தான் பூச வேண்டும். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

3. பத்திரம்

வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது எல்லாம் எங்கும் உள்ளதுதான். நமக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் பழைய முன்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கலாம். ஆங்கில வருடம் தெரிய 824 அல்லது 825 கூட்ட வேண்டும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால்தான் இந்த ஒரு வருட வித்தியாசம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

4. மீட்டர்

போர்ஷனுக்கு ஒரு மின் இணைப்பு இருக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு குடும்பமும் ஒரே மீட்டரில் ஓடினால் அந்தச் சலுகை ஒன்றோடு போகும், யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். அதைவிடப் பெரிய தலைவலி, யார் எவ்வளவு என்ற பஞ்சாயத்து. மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஆகிற கரண்டை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

5. ஆள் பார்ப்பதும் எழுதுவதும்

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் என்றால் நர்ஸ்களும் மாணவர்களும் வருவார்கள். கோணம் பக்கம் கல்லூரிக்காரர்கள். வேலை, முந்தைய வீட்டுக்காரரின் எண், எத்தனை பேர், எத்தனை வண்டி, இது போதும். "சொந்த ஊரு எது, அதுல எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துச் சாதி விசாரிப்பதை நான் செய்வதில்லை. வாடகையை ஒழுங்காகத் தருவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததாக நான் பார்த்ததே இல்லை.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. சுவர், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. பைப் வாஷர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது சட்டப்படி தப்பு.

மாத வாடகை இல்லாமல் ஒரு மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒத்திக்கு விடலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மொத்தப் பணம் கையில் வரும்போது நன்றாகத்தான் இருக்கும். அதைச் செலவழித்துவிட்டால் குடியிருப்பவர் காலி செய்கிற அன்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டும், நடுவில் மராமத்துக்கும் காசு வராது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டாம்.

6. ஒழுக்கு

முதல் வருடம் கீழ்ப் போர்ஷனில் இருந்தவர் கூப்பிட்டு, "அண்ணே, செவுத்துல கைய வச்சா ஈரமாட்டு இருக்கு, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அளவு திட்டு. மேல் வீட்டில் பாத்ரூமைக் கழுவும்போது தண்ணீரைக் கண்டபடி ஊற்றுகிறார்கள் என்று முடிவு கட்டி அவர்களிடம் முகத்தைக் காட்டிவிட்டு வந்தேன். நாலு மாதத்தில் திட்டு வாசல் நிலை வரை வந்து, மரம் உப்பி, கதவு சாத்த முடியாமல் போனது. சுவரை உடைத்தால், உள்ளே குழாய் வளைகிற இடத்தில் மாட்டும் எல்போவில் தலைமுடி அளவு விரிசல். வீடு கட்டும்போதே சரியாக ஒட்டாதது. மேல் வீட்டுக்காரர்கள் அதற்குள் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். ஒரு எல்போவின் விலை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது திட்டு தெரிந்தால் அன்றைக்கே செய்வது இவை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மேல் டேங்கில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்தால், காலையில் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஃப்ளஷ் டேங்கில் நாலு துளி சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருங்கள். கோப்பைக்குள் நீலம் வந்தால் உள்ளே இருக்கிற வாஷர் போய்விட்டது. மொட்டை மாடி மேல் சந்தேகம் என்றால் வடிகுழாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே சீலிங்கைப் பாருங்கள். அதற்கு மேல் தண்ணீரை ஏற்றிவிடாதீர்கள், தளத்துக்குப் பாரம்.

மே மாதம் முடிவதற்குள் மாடிச் சருகு, வடிகுழாய், ஓட்டு இடுக்கு, டேங்க் மூடி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். செப்டம்பரில் இன்னொரு சுற்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகு, மூடியைக் கம்பி போட்டுக் கட்டாத டேங்கை நான் விட்டுவைப்பதில்லை. மழை தொடங்கிய பிறகு கூப்பிட்டால் கொத்தனாரும் பிளம்பரும் "நாளைக்கு" என்பார்கள். அந்த நாளைக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

7. வரி, நோட்டு

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை. வருமான வரியில், வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தையும் தள்ளுபடியாகக் கழிக்கலாம். இதற்கு ரசீது கேட்க மாட்டார்கள். இருந்தாலும் ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தக் குழாய் எப்போது மாற்றினோம், யார் செய்தார், எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். என் நோட்டில் எண்ணெய்க் கறையும் கொத்தனார் போட்ட கூட்டல் கணக்கும் இருக்கிறது.

8. காலி செய்யும்போது

குடிவரும் நாளில் எடுத்த போட்டோக்களை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று வாருங்கள். கரண்ட் பாக்கியைப் பார்த்து, கழிக்க வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டி, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஆணி ஓட்டைக்கெல்லாம் கழிக்காதீர்கள். சாவி கைக்கு வந்ததும் பூட்டை மாற்றிவிட்டு, பாத்ரூம் சுவரில் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள்.